மாமனுக்கு ஆகாத பல்

எனக்கு முதலில் முளைத்தது மேல் பல். அதுவும் ஒற்றைப் பல் அல்ல. இரண்டு பல் ஒட்டிக்கொண்டு ஒன்றாக வெளியே வந்தது. எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்குக் கீழ்ப் பல்தான் முதலில் வர வேண்டும். மேல் பல் முந்திக்கொண்டால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். ஒரு பல் முந்தினாலே மாமனுக்கு ஒரு கண்டம். எனக்கு வந்ததோ இரட்டை. ஆகவே கண்டமும் இரட்டை என்று என் மாமா தாமே முடிவு கட்டிக்கொண்டார்.

மாமா எண்பது வயதைத் தாண்டி, பேத்திகளின் கல்யாணச் சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவர் பயந்த பயத்தைப் படித்து நீங்களும் பயந்துவிடுவீர்கள்.

எங்கள் வீடு பாகூர் ஏரிப் பாசனத்தில் இருந்தது. அப்பாவுக்கு நெல்லும் கரும்பும். அப்போது எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியில் இருந்தது. ஆனால் பிரெஞ்சுக்காரர் ஒருவரையும் அந்த வயதில் நான் கண்ணால் பார்த்ததில்லை. மாமா, அம்மாவுக்கு ஒரே தம்பி. மதகடிப்பட்டில் விழுப்புரம் சாலையோரம் ஜவுளிக் கடை வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமைச் சந்தையில் மாடு வாங்கியவர்கள் அந்தச் சந்தோஷத்தில் பெண்டாட்டிக்கு ஒரு புடவையும் வாங்கிக்கொண்டு போவார்கள். அப்படி நடந்த கடை. மாமா நல்ல உயரம், பெரிய மீசை, உரத்த குரல். சந்தையில் மாடு மிரண்டு ஓடிவந்தால் மற்றவர்கள் சிதறுவார்கள். இவர் நின்று கொம்பைப் பிடிப்பார். அவர் பயந்தது என் வாய்க்கு மட்டும்தான்.

கொடி சுற்றிப் பிறந்த குழந்தையைத் தாய்மாமன் நேராகப் பார்க்கக் கூடாது, முதலில் எண்ணெயில் தெரியும் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. பல்லுக்கு அப்படி எதுவும் கிடையாது. இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று மாமா அதையே செய்யச் சொன்னாராம். வெண்கலக் கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி அவர் முன்னால் வைத்து, அவருக்குப் பின்னாலிருந்து அப்பா என்னைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். எண்ணெயில் மாமாவின் மீசையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்க, எண்ணெயில் அந்த அகலப் பல் தெரிய, மாமா எழுந்த வேகத்தில் கிண்ணம் கவிழ்ந்து, அவருடைய புது வேட்டி வீணாய்ப் போயிற்று. "பாத்தியாக்கா, ஆரம்பிச்சிட்ச்சு" என்றாராம்.

அதன் பிறகு அவருக்கு என்ன நடந்தாலும் என் பல்தான் காரணம். குடை காற்றில் பறந்தால் பல். வண்டி அச்சு முறிந்தால் பல். தீபாவளிக்கு வரவழைத்த சேலைகளில் சாயம் இறங்கியபோது, கடையிலிருந்து ஆள் அனுப்பி, "பாப்பாவுக்குக் கீழ்ப் பல்லு மொளைச்சிட்ச்சா?" என்று கேட்டார். கீழ்ப் பல் வந்தது. எல்லாப் பல்லும் வந்தன. இரட்டைப் பல் மட்டும் நடுவில் ஒரு கோட்டோடு, முன்வாசல் கதவு மாதிரி அப்படியே இருந்தது.

அதற்காக என் மேல் பாசம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பொங்கலுக்குப் பாவாடை, சட்டைத் துணி, வரும்போதெல்லாம் பொட்டலம் நிறைய காராசேவு. ஆனால் எதைக் கொடுத்தாலும் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டிக் கொடுப்பார். நான் சிரித்துவிடுவேனோ என்று பயம். "மாமா வந்துருக்குது, வாய மூடிக்கினு சிரி" என்று அம்மா சொல்வாள். அப்படியே பழகி, யார் முன்னாலும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறவளாகிவிட்டேன்.

எனக்கு ஏழு வயது நடக்கும்போது அந்தப் பல் ஆடத் தொடங்கியது. சேதி மதகடிப்பட்டுக்கு எட்டியதும் மாமா அடிக்கடி வர ஆரம்பித்தார். ஒருநாள் மதியம் பனங்கிழங்கு கடிக்கும்போது பல் கிழங்கோடு வந்துவிட்டது. இரண்டும் சேர்ந்தே விழுந்தன. பூசணி விதை இரண்டை ஒட்டி வைத்த மாதிரி இருந்தது. மாமா லட்டுப் பெட்டியோடு வந்து இறங்கினார். சாணியில் உருட்டிக் கூரையில் எறிய வேண்டிய பல்லை, "நான் எறியறேன்" என்று வாங்கி, கூரையையும் தாண்டிப் பின்பக்கத்துக் கரும்புக் கொல்லைக்குள் போய் விழும்படி எறிந்தார். அன்றைக்குத்தான் முதன்முதலாக என்னை நேருக்கு நேர் பார்த்தார்.

"அழகா கீறடி" என்றார். முன்பக்கம் பெரிய ஓட்டையோடு நான் சிரித்தேன். அவரும் மீசைக்குள்ளேயே சிரித்தார்.

அந்தச் சந்தோஷம் சில மாதம்தான் நீடித்தது. ஓட்டையில் புதுப் பல் எட்டிப் பார்த்தது. முன்னாலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஒருநாள் முறுக்குத் தின்றபோது நாக்கு ஏதோ கூர்மையில் பட்டு ரத்தம் வந்தது. அம்மா என்னை வெயிலில் நிறுத்தி, தலையை நிமிர்த்தி வாய்க்குள் பார்த்தாள்.

"அய்ய, இன்னாடி இது?"

புதுப் பல்லின் பின்பக்கத்தில் கொம்பு முளைத்திருந்தது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. ஈறுக்குப் பக்கத்தில் தொடங்கி, பல்லின் முதுகோடு ஒட்டி இறங்கி, நுனியில் சற்று வளைந்து நின்றது. ஆட்டுக்குட்டிக்கு முதலில் வருமே, அந்த அளவு. வாயை மூடினால் கீழ்ப் பல் அந்தக் கொம்பில் இடிக்கும். அதனால் முன்பற்கள் ஒன்றோடொன்று சேரவே சேராது. கொய்யாப் பழத்தை முன்பல்லால் கடிக்க முடியாது. கடைவாயில் திணித்துத்தான் கடிக்க வேண்டும். கொம்புக்கும் பல்லுக்கும் நடுவே இருந்த இடுக்கில் எதைத் தின்றாலும் போய் உட்கார்ந்துகொள்ளும். வேப்பங்குச்சி அங்கே நுழையாது.

பேச்சும் மாறிப்போயிற்று. 'சாமி' என்றால் காற்று பக்கவாட்டில் ஓடி 'ழாமி' மாதிரி ஏதோ கேட்கும். ஊரில் பிள்ளைகள் கேலி செய்தார்கள். பள்ளிக்கூடத்தில் மட்டும் எனக்கு மரியாதை கூடியது. பிரெஞ்சுப் பாடத்தில் மற்ற பிள்ளைகளின் நாக்கில் வராத ஒரு சத்தம் என் கொம்பில் பட்டுத் தானாக வந்தது. வாத்தியார் பூரித்துப்போய், "எல்லாரும் இந்தப் பொண்ணு மாதிரி சொல்லுங்க" என்றார். வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்து வாயைக் கோணிக்கொண்டு சொல்லிப் பார்த்தது.

"தம்பி காதுல போட வேணாம்" என்று அம்மா அப்பாவிடம் சொல்லி வைத்தாள். ஆனால் அடுத்த தடவை மாமா வந்து மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டியதும் நானே, "இன்னா மாமா இது, சீரணியா?" என்று கேட்டுவிட்டேன். அந்தச் 'சீரணி' என் வாயிலிருந்து வந்த விதத்தைக் கேட்டு அவர் கை அப்படியே நின்றது.

"வாயத் தொற."

திறந்தேன். பார்த்தார். வாசலில் கிடந்த உரலின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, போனது ரெட்டைப் பல்லு. வந்துருக்கிறது கொம்பு வச்ச பல்லு. நான் இன்னா பாவம் பண்ணன்?"

அடுத்த வாரமே சந்தையில் பல் பிடுங்குகிற ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த ஆள் கையில் குறடு இருந்தது. லாடம் அடிக்கிறவர்கள் வைத்திருப்பதுபோலப் பெரியது. நான் குதிருக்குப் பின்னால் போய் ஒளிந்தேன். நெல் குத்திக்கொண்டிருந்த அம்மா உலக்கையை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வாசலை மறித்தாள்.

"பொம்பளப் புள்ளைக்கு முன்பல்ல புடுங்கிட்டு, நாளைக்கு எவன் கட்டிக்குவான்? இது இனிமே மொளைக்கற பல்லா?"

"எனக்கு ஏதாவது ஆச்சின்னா?"

"உனக்கு இன்னாடா ஆவப்போவுது? எருமை மாதிரி நிக்கிற!"

குறட்டுக்காரர் உலக்கையை ஒரு தடவை பார்த்தார், மாமாவை ஒரு தடவை பார்த்தார். வெற்றிலை போட்டுக்கொண்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவே இல்லை.

வழி வேறு விதமாகப் பிறந்தது. மாமா கடைக்குப் பட்டணத்திலிருந்து துணி கொண்டுவரும் வியாபாரி ஒருவர் இருந்தார். அவர் வாயில் ஒரு தங்கப் பல். அது யார் கட்டியது என்று பேச்சு வந்தபோது, புதுச்சேரியில் ஒரு பல் டாக்டர் இருப்பதாகச் சொன்னார். நம்ம ஆள்தான், கடல் தாண்டிப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோனில் பல வருஷம் பல் வேலை பார்த்துவிட்டு, மிஷின் நாற்காலி எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பியவர். பிடுங்குவதும் உண்டு, கட்டுவதும் உண்டு. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் சைகோனில் இருந்த கதை எல்லாருக்கும் தெரியும். அங்கே போய்ப் பல் வேலை கற்றவரும் உண்டு என்பது எங்களுக்குப் புதுச் சேதி. பிடுங்கினால் டாக்டர் பிடுங்கட்டும் என்று மாமா ஒப்புக்கொண்டார். டாக்டர் என்றால் பிடுங்க மாட்டார் என்று அம்மா நம்பினாள். அப்பாவுக்குக் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்ததால், நாங்கள் மூன்று பேர் மட்டும் மாமாவின் வில்வண்டியில் வில்லியனூருக்குக் கிளம்பினோம். அங்கிருந்து ரயில்.

வில்லியனூர் போகும் வழியில் பிரெஞ்சு ஊர்களுக்கு நடுவே கொஞ்சம் இங்கிலீஷ்காரர் ஊர் வரும். அங்கே ஒரு சுங்கச் சாவடி. பிரெஞ்சு எல்லையிலிருந்து யாராவது எதையாவது ஒளித்துக் கொண்டுபோகிறார்களா என்று பார்க்க ஆள் நிற்பார்கள். மூட்டையைப் பிரித்துப் பார்த்தார் சேவகர். அதில் கட்டுச்சோறுதான் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போல வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"வாய்க்குள்ள இன்னா வச்சிருக்கிற?"

நான் தலையை ஆட்டினேன். சந்தேகம் அதிகமாகிவிட்டது. தங்கத்தை வாயில் அடக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டாம். "தொறடி" என்றார். திறந்தேன். குனிந்து பார்த்தவர் திடுக்கிட்டு நிமிர்ந்து, உள்ளே இருந்த இன்னொரு சேவகரைக் கூப்பிட்டார். அவர் வந்து பார்த்தார். பிறகு தண்ணீர் எடுத்துக்கொண்டு போன அம்மாள் ஒருத்தி பார்த்தாள். "இதுக்கு வரி கெடையாதுப்பா, ஓட்டு" என்று முதல் சேவகர் சொல்ல, வண்டி நகர்ந்தது. எனக்கு அவமானத்தில் கண் நிறைந்துவிட்டது. மாமா மாட்டை விரட்டியபடி, "எங்கூட்டுப் பொண்ணு வாய இன்னா காட்சிப் பொருள்னு நெனைச்சிக்கினானுங்க" என்று முனகிக்கொண்டே வந்தார். இதுவரை என் பல்லுக்கு எதிர்க்கட்சியாகவே இருந்தவர் எனக்காகக் கோபப்பட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ரயில், புகை, பட்டணத்து நேர்த் தெருக்கள் எல்லாவற்றையும் அன்றுதான் முதலில் பார்த்தேன். ஆனால் எதுவும் மனசில் பதியவில்லை. குறடு மட்டும்தான் கண் முன்னால் நின்றது.

டாக்டர் வீடு பட்டணத்து வாய்க்காலுக்கு மேற்கே, நம்மவர்கள் இருக்கும் பக்கம் இருந்தது. அறை முழுவதும் கிராம்புத் தைல வாசனை. நடுவில் இரும்பு நாற்காலி; பக்கத்தில் தையல் மிஷின் மாதிரி கால்மிதியும் சக்கரமும், சக்கரத்திலிருந்து கயிறு ஓடிப் போய் ஒரு மெல்லிய குழாயில் முடிகிற மிஷின் ஒன்று. டாக்டர் குள்ளமாக, குண்டாக, வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். என்னை நாற்காலியில் ஏற்றிவிட்டு, "உவ்ரே" என்றார். பள்ளிக்கூடத்தில் கதவைத் திற, சன்னலைத் திற என்பதற்கெல்லாம் படித்த சொல். வாய்க்கும் அதுதானா என்று நினைத்துக்கொண்டே திறந்தேன்.

சின்னக் கண்ணாடி ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தவர் முகம், பலகாரத் தட்டைப் பார்த்த குழந்தை முகம்போல மலர்ந்தது.

"அடடா! சைகோன்ல ஒரே ஒரு தடவை பார்த்திருக்கேன். பால் பல்லு எப்படி இருந்திச்சு?"

"ரெண்டு ஒட்டிக்கினு இருந்திச்சி" என்றாள் அம்மா.

"அப்ப சரி. பால் பல்லு ஒட்டிப் பிறந்தா, அதுக்கப்புறம் வர்ற பல்லுலயும் ஏதாவது வித்தியாசம் இருக்கலாம்னு எதிர்பார்க்கணும்."

மாமா முன்னால் வந்தார். "டாக்டரய்யா, இத இப்பவே புடுங்கிடுங்க."

"ஏன் புடுங்கணும்? பல்லு கல்லு மாதிரி இருக்கு. கொழுக்கட்டை பிடிக்கிறப்ப மாவு ஒரு பக்கம் கூடிட்டா மூக்கு நீளுது இல்லையா, அது மாதிரிதான். தாடைக்குள்ள உருவாகிறப்பவே மடிப்பு ஒண்ணு அதிகமா விழுந்திருக்கு. மூக்கு நீண்டா கொழுக்கட்டையைத் தூக்கி எறிவீங்களா?"

"அப்ப கொம்ப மட்டும் வெட்டிடுங்க."

"ஒரேயடியா வெட்ட முடியாது. அதுக்குள்ளேயும் உயிர் நரம்பு இருக்கலாம். நரம்பு வெளியே தெரிஞ்சா பல்லே செத்துடும். கொஞ்சம் தேய்ச்சு ராவி விட்டா, உள்ளே பல்லு தானே ஒரு சுவர் எழுப்பிக்கும். அது எழும்ப விட்டு, அப்புறம் கொஞ்சம் ராவணும். நாலஞ்சு தடவை வரணும்."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "உங்க வீட்ல வேற யாருக்காவது பல்லு வித்தியாசமா உண்டா?"

"யாருக்கும் கெடையாது" என்றார் மாமா, கேள்வி முடிவதற்குள்.

அம்மா மெதுவாக மாமா பக்கம் திரும்பினாள். "தம்பி..."

"அக்கா, சும்மா இரு."

"அவர்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றது? டாக்டரய்யா, இவனுக்கு ஒரு பல்லு அரிசி மாதிரி இருக்கும்."

டாக்டர் கண்ணாடியை எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனார். மாமா பின்வாங்கிச் சுவரில் முட்டிக்கொண்டார். அவ்வளவு பெரிய ஆள், அந்தக் குள்ள மனிதர் எக்கி நின்று மீசையை விரலால் தூக்கியபோது, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் நாற்காலியிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தேன். முன்பல்லுக்குப் பக்கத்தில், ஒரு முழுப் பல் இருக்க வேண்டிய இடத்தில், கூம்பு மாதிரி ஒரு துண்டுப் பல் தனியாக நின்றது. இரண்டு பக்கமும் சந்து.

இத்தனை வருஷத்தில் மாமாவின் பல்லை நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சின்ன வயசுல எலிப்பல்லுன்னு கூப்புடுவானுங்க" என்றார் மாமா. குரல் அவருடையதாகவே இல்லை. "எங்க போனாலும் எலி, எலி. மீசை வந்தப்புறம்தான் நின்னுது."

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. மாமாவுக்கும் வாயில் ஒன்று இருக்கிறது, அவரும் பொத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று தெரிந்ததும், என் பயம் பாதி இறங்கிவிட்டது.

"சில குடும்பத்துல இப்படித்தான்" என்றார் டாக்டர். "ஒருத்தருக்குப் பல்லு குறுகும், ஒருத்தருக்கு ஒட்டும், ஒருத்தருக்குக் கொம்பு வைக்கும். இந்தப் பாப்பா பல்லு உங்க வீட்டுச் சீதனமாத்தான் வந்திருக்கும்போல."

மாமா கண்ணைத் திறந்தார். "அப்ப மாமனுக்கு ஆவாதுன்னு சொல்றாங்களே..."

"உங்க பல்லு உங்களுக்கே ஆகாமப் போயிடுமா?"

மாமா மீசையை விரலால் கீழே இழுத்து விட்டுக்கொண்டார். 

டாக்டர் மிஷின் பக்கம் போய், தமது முழங்காலைத் தட்டிக் காட்டினார். சைகோனில் சைக்கிளிலிருந்து விழுந்ததிலிருந்து அந்தக் காலால் மிதிக்க முடியாதாம். வழக்கமாக அவர் மனைவிதான் மிதிப்பாராம். அன்றைக்கு அந்த அம்மாள் பிறந்தவீட்டுக்குப் போயிருந்தார்.

"உங்கள்ல யாருக்காவது தையல் மிஷின் மிதிக்கத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும்" என்றார் மாமா, ஜவுளிக் கடைக்காரரின் பெருமையோடு. சொன்ன பிறகுதான் எதற்குக் கேட்டார்கள் என்பது புரிந்து, வாயைப் பிளந்தார்.

அப்படியாக, என் பல்லின் கொம்பை ராவிய மிஷினை மிதித்தவர் என் தாய்மாமன். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கால்மிதியில் காலை வைத்தார். சக்கரம் சுற்றியது. குழாயின் முனையில் இருந்த சின்ன அரைகல் வண்டுபோல ரீங்காரம் போட்டது. அது கொம்பில் பட்டதும் மண்டை ஓடு முழுவதும் அதிர்ந்தது. வலி இல்லை; பல்லுக்குள் யாரோ மாவரைப்பது மாதிரி ஒரு கூச்சம். தீய்ந்த எலும்பு வாசனை வந்தது. எவ்வளவு சீக்கிரம் முடிகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைத்தாரோ என்னவோ, மாமா தீபாவளிக்கு முந்தின நாள் தையல்காரர் மாதிரி விரட்டி மிதிக்க ஆரம்பித்தார்.

"துஸ்மான், துஸ்மான்!" என்று கத்தினார் டாக்டர். "மெதுவாய்யா! ரவிக்கையா தைக்கிறீங்க?"

மாமா வேகத்தைக் குறைத்தார். குறைத்துக் குறைத்து நின்றேவிட்டது. "நிறுத்தச் சொல்லலையே!" மறுபடி மிதித்தார். நாற்காலியில் சாய்ந்திருந்த எனக்கு டாக்டரின் தோளுக்கு மேலே மாமாவின் முகம் மட்டும் தெரிந்தது. வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை கல் என் பல்லைத் தொடும்போதும் வலிக்கிறவர் அவர்தான் என்பதுபோல முகத்தைச் சுளித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தக் கையைத் தூக்கினேன். டாக்டர் கையைத் தட்டிவிட்டார்.

பிறகு அந்த இடுக்கைச் சுத்தம் செய்து, அங்கே சோற்றுப் பருக்கை தங்கிச் சொத்தை விழாமல் இருக்க, கண்ணாடித் தகட்டில் வெள்ளையாக எதையோ குழைத்து அடைத்தார். சிப்பிச் சுண்ணாம்பு மாதிரி இருந்தது, காய்ந்ததும் கல்லாகிவிட்டது. கிளம்பும்போது, "அதை நாக்கால தடவித் தடவிப் பார்க்கக் கூடாது" என்றார். நான் வில்லியனூர் வரும்வரை அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அந்த வருஷம் அப்படியே பட்டணத்துக்குப் போவதும் வருவதுமாகக் கழிந்தது. அடுத்த தடவை டாக்டரின் மனைவி வீட்டில்தான் இருந்தார். "நீங்க உட்காருங்கம்மா, எனக்குப் பழக்கமாயிட்ச்சு" என்று மாமா நேராகப் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு தடவையும் டாக்டர் நீல மை தடவிய காகிதம் ஒன்றைப் பல்லுக்கு நடுவே வைத்துக் கடிக்கச் சொல்வார். கொம்பின் நுனியில் மட்டும் நீலப் பொட்டு விழும். அந்த இடத்தை ராவுவார். போகப் போகக் கொம்பு மொட்டையாகி, மேடாகி, கடைசியில் மேடும் தணிந்துவிட்டது. ஒருநாள் காகிதத்தைக் கடித்துவிட்டு வாயைத் திறந்தபோது, "இங்கே பாருங்க" என்று அம்மாவைக் கூப்பிட்டார். நீலப் பொட்டு எல்லாப் பல்லிலும் விழுந்திருந்தது.

"இப்போ கடி பாப்பா. முன்னால கடி."

கடித்தேன். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றை ஒன்று தொட்டன. 'டக்' என்று ஒரு சத்தம். அது எனக்கு அவ்வளவு பிடித்துப்போய், டக், டக், டக் என்று கடித்துக்கொண்டே இருந்தேன். "போதும்டி, தேஞ்சிடப் போவுது" என்றாள் அம்மா. அவள் கண்ணெல்லாம் சிரிப்பு. அடைத்திருந்த வெள்ளைச் சாந்தை இரண்டு தடவை மாற்ற வேண்டியிருந்தது. 'ச' சரியாக வரக் கொஞ்ச நாள் பிடித்தது. அது வந்த பிறகு பிரெஞ்சுப் பாடத்தில் என் மவுசு குறைந்ததுதான் ஒரே நஷ்டம். வாத்தியார் மிகவும் வருத்தப்பட்டார்.

நான் டக், டக் என்று கடித்த அன்றே, மாமா அந்த நீலக் காகிதத்தையும் பார்த்தார், என் பல்லையும் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஏதோ துணி விலை கேட்கிறவர்போல, "அய்யா, இந்த அரிசிப் பல்லுக்கு ஏதாச்சும் செய்ய முடியுமா?" என்று கேட்டார்.

முடிந்தது. கூம்பு மாதிரி இருந்த பல் தொப்பி மாட்டுவதற்கு வாகாகவே இருக்கிறது என்றார் டாக்டர். மெழுகில் அச்செடுத்தார். நாங்கள் அதற்கடுத்துப் போனபோது மாமாவின் அரிசிப் பல்லுக்கு மேல் ஒரு தங்கப் பல் ஏறி உட்கார்ந்தது. சந்து இரண்டும் மறைந்தன. கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார். எங்களை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு வெளியே போனவர் வெகு நேரம் வரவில்லை. திரும்பி வந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மீசையை மழித்துவிட்டு வந்திருந்தார். மேலுதடு வெளிறிப்போய், பச்சைக் குழந்தை முகமாக இருந்தது.

"ஐயோ, இன்னாடா பண்ணிக்கினு வந்துருக்கிற!" என்று அம்மா வாயில் அடித்துக்கொண்டாள்.

"மீசை இருந்தா பல்லு எப்புடிக்கா தெரியும்?"

சாயங்கால ரயிலில் வில்லியனூர் திரும்பினோம். எதிர்ப் பலகையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு இருந்தாள். மாமா அவளிடம் வலியப் பேச்சுக் கொடுத்தார். அவள் எந்த ஊர் என்பதற்கும் சிரித்தார், ரயில் ஏன் நின்றது என்பதற்கும் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அசதியில் அப்படியே வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். சன்னல் வழியாக வந்த வெயில் பட்டுத் தங்கப் பல் மின்னியது. அந்தக் குழந்தை இமைக்காமல் அதையே பார்த்தது. தாயின் மடியிலிருந்து நழுவி, மாமாவின் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்று, அவர் சட்டையைப் பற்றி மேலே ஏறி, வாய்க்குள் விரலை விட்டுப் பல்லைப் பிடித்து இழுத்தது. மாமா விழித்துக்கொண்டார். "மன்னிச்சிக்குங்கய்யா" என்று அந்தப் பெண் பதறிப்போய்க் குழந்தையைத் தூக்க வந்தாள்.

மாமா வேண்டாம் என்று கையைக் காட்டினார். பேச முடியவில்லை, குழந்தையின் விரல் இன்னும் வாய்க்குள்தான் இருந்தது. அது பார்த்து முடிக்கும்வரை வாயை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.